பெண் கேட்க ஸ்பானிஷ் படித்த ஆர்வில்

மின்னசோட்டாவில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்வில் ஸ்கோக், அறுபத்தாறு வயதில் ஸ்பானிஷ் படிக்க மனைவி லவோனுடன் குவாத்தமாலாவுக்குப் போனார். ஊர் பார்க்கும் ஆசையில் போகவில்லை. பெண் கேட்கப் போனார்.

மகன் டெரெக் கட்டிக்கொள்ள விரும்பிய பெண்ணின் பெயர் இங்க்ரித். பெயரைக் கேட்டதும் அவர்கள் போகும், நார்வே வம்சாவளிக்காரர்கள் நிறைந்த தேவாலயத்தில் எல்லாரும் அவளை நார்வேக்காரப் பெண் என்று முடிவு கட்டிவிட்டார்கள். குவாத்தமாலாவில் ஷேலா நகரத்துக்குப் பக்கத்தில் சல்காஹா என்ற ஊரில் பிறந்தவள் என்று லவோன் விளக்கிய பிறகும் ஒருவர், "அங்கயும் நம்ம ஆளுங்க போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

இங்க்ரித்தின் அப்பா எலியாசார் தறி வைத்திருப்பவர். அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பையனைப் பெத்தவங்க நேர்ல வரட்டும். என் வீட்ல உக்காந்து, அவங்க வாயாலயே கேக்கட்டும். நடுவுல ஒருத்தன் மொழிபெயர்த்துச் சொல்ற வேலையெல்லாம் வேணாம்." அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று இங்க்ரித்தும் சொல்லிவிட்டாள்.

ஆர்வில் எதையும் அரைகுறையாகச் செய்தவர் இல்லை. தூங்கிப்போன பிள்ளை யாராவது இருக்கிறதா என்று சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்காமல் ஒரு நாளும் பஸ்ஸைப் பூட்டியதில்லை. ஷேலாவில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஒரு பள்ளிக்கூடம் பிடித்து, ஒரு வீட்டில் சாப்பாட்டோடு அறையும் பிடித்தார்.

அந்தப் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். சின்ன மேஜைக்கு இந்தப் பக்கம் ஆர்வில், அந்தப் பக்கம் நீதியா. பக்கத்து மேஜையில் லவோனுக்கு வேறோர் ஆசிரியை. காலை முழுவதும் இருவரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்வில் அதற்கு முன் யாருடனும் காலை முழுவதும் பேசியதில்லை, லவோனுடனும் இல்லை. புதன்கிழமைக்குள் அவருடைய வாழ்க்கை தீர்ந்துபோனது.

"வேற ஏதாவது சொல்லுங்க, தோன் ஆர்வில்" என்றாள் நீதியா. பெரியவர்களின் பெயருக்கு முன் அங்கே மரியாதைக்கு 'தோன்' போடுவார்கள்.

"பஸ் ஓட்டினேன்."

"அது திங்கக்கிழமையே சொல்லிட்டீங்க."

"செவ்வாக்கிழமையும் ஓட்டினேன்."

லவோனுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவள் தப்பும் தவறுமான ஸ்பானிஷோடு சந்தையில் நுழைந்து, வெண்ணெய்ப்பழக்காரியுடன் சண்டை போட்டு, சிநேகமாகி, அவள் மருமகளின் பிரசவம் வரை தெரிந்துகொண்டு வந்தாள். ஆனால் பெண் கேட்பது மாப்பிள்ளையின் அப்பா பேச வேண்டிய பேச்சு. அது அந்த ஊர் வழக்கம். ஆகவே ஆர்வில் குளிக்கும்போதும் சவரம் செய்யும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்கார அம்மாவின் கிளிக்கு முதல் பாதி பாடமாகிவிட்டது.

நாலாவது ஞாயிறு சல்காஹாவுக்குப் பஸ் ஏறினார்கள். அது அமெரிக்காவில் தேய்ந்துபோன பள்ளிக்கூட பஸ்தான். அதற்குச் சிவப்பும் பச்சையும் அடித்து, நெற்றியில் மாதாவின் பெயரை எழுதியிருந்தார்கள். சீட்டுக்கு இரண்டு பேர்தான் என்று முப்பது வருஷம் குழந்தைகளை அதட்டிய ஆர்வில், நான்காவது ஆளாகப் பாதி தொடையில் உட்கார்ந்தார். மடியில் இனிப்பு ரொட்டியும் சாக்லேட்டும் வைத்த கூடை. அதற்குள் ஒரு பாட்டில் சல்காஹா பழச் சாராயம்.

"அவசர வழிப் பின்கதவுக்கு எதிர்ல மூட்டை வெச்சிருக்காங்க" என்றார்.

"நீ இப்ப டிரைவர் இல்ல ஆர்வில். மாப்பிள்ளைக்கு அப்பா" என்றாள் லவோன்.

எலியாசார் வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் பெரிய பானையில் கோழிச் சாறு கொதிக்கும் வாசனை. கூடையை மேஜையில் வைத்துவிட்டு ஆர்வில் நிமிர்ந்து நின்றார்.

"என் மகன் நல்ல பையன். வேலை செய்றான். குடிக்கிறதில்ல. சனிக்கிழமை ஒரு பியர் குடிக்கிறான், அதையும் சொல்லிடறேன். உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்."

ஒரு வார்த்தை கூடப் பிசகவில்லை. எலியாசார் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"பொண்ணு சின்னவ. குடுக்கற யோசனை எங்களுக்கு இப்ப இல்லீங்க" என்றார்.

"சரிங்க. உங்க நேரத்தைக் கெடுத்துட்டோம். மன்னிச்சிடுங்க" என்றார் ஆர்வில். சுவரோரம் இருந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். லவோனைக் கூட்டிக்கொண்டு, வந்த பஸ் திரும்புவதற்குள் அதிலேயே ஏறிவிட்டார்.

 அன்று ராத்திரி டெரெக் போனில், "இங்க்ரித் அழுதுக்கிட்டே இருக்காப்பா. என்னன்னு சொல்ல மாட்டேங்கறா" என்றான். ஆர்வில் போனை லவோனிடம் கொடுத்தார். மகனுக்கு ஒன்று கேட்கப் போய், கேட்கத் தெரியாமல் கெடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நீதியா ஆவலாகக் கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"முடியாதுன்னாங்க."

"சரி, அப்புறம்?"

"வந்துட்டோம்."

நீதியா பேனாவை மூடினாள். "வந்துட்டீங்களா? சாப்பிடாமயா? ஐயோ தோன் ஆர்வில்! கேட்டவுடனே தூக்கிக் குடுத்தா, பாரம் தொலைஞ்சா போதும்னு தள்ளிவிட்டான்னு ஊர் பேசாதா? பெத்தவன் முதல்ல முடியாதுன்னுதான் சொல்லணும். நீங்க மறுபடி கேக்கணும். அவர் மறுபடி முடியாதுன்னு சொல்லணும். அந்த மனுஷன் பந்தி வெச்சுட்டுக் காத்திருந்திருப்பாரு, நீங்க கை குடுத்துட்டு வந்துட்டீங்க!"

"ஒருத்தர் முடியாதுன்னா முடியாதுதானே?" என்றார் ஆர்வில். "அதுக்கு மேல வற்புறுத்தினா மரியாதையா?"

பக்கத்து மேஜையிலிருந்து லவோன் திரும்பினாள். "ஆர்வில், தேவாலயத்துல கிளாடிஸ் காபி வேணுமான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"வேணாம், உனக்கு எதுக்குச் சிரமம்னு சொல்லுவேன்."

"ரெண்டாவது தடவை கேட்டா?"

"இல்ல, பரவால்லன்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

ஆர்வில் யோசித்தார். "அரைக் கப் குடுன்னு சொல்லுவேன்."

"அவ முதல் தடவையோட கெட்டிலைத் தூக்கிட்டுப் போயிட்டா?"

கிளாடிஸ் ஒருமுறை அப்படித்தான் போனாள். ஆர்வில் அதை ஒரு வருஷம் மறக்கவில்லை. "அது காபி" என்று மட்டும் சொன்னார். பிறகு நோட்டைப் புரட்டிக்கொண்டே, "ரொட்டி எந்தக் கடையில வாங்கினோம்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு எலியாசாரே கதவைத் திறந்தார். ஆர்வில் கையிலிருந்த புதுக் கூடையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இவர்கள் உள்ளே வந்ததும் கதவைத் தாழ் போட்டார்.

ஆர்வில் பழைய பேச்சையே சொன்னார், பியர் உட்பட.

"குடுக்கறதுக்கில்லீங்க" என்றார் எலியாசார். சொல்லிவிட்டு ஆர்விலின் கால்களையே பார்த்தார்.

ஆர்வில் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் எந்திரிக்கப் போறதில்ல" என்றார்.

சுவரோரம் யாரோ இருமினார்கள்.

"உங்க ஊரு தூரம், குளிரு" என்றார் எலியாசார். இது வழக்கத்துக்காகக் கேட்ட கேள்வி இல்லை, குரல் மாறியிருந்தது. "அங்க அவளை யாரு பாத்துப்பாங்க?"

இதற்குப் பாடம் பண்ணி வைத்த பதில் இல்லை. ஆர்விலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத் தினமும் நீதியாவிடம் சொல்லிச் சொல்லி நன்றாகப் பழகியிருந்தார்.

"நான் பஸ் ஓட்டினேன். பனி காலத்துல நாலு மணிக்கே இருட்டு. பிள்ளை இறங்கும். நான் போக மாட்டேன். அது வீட்டுக் கதவைத் திறக்கும். உள்ள லைட் எரியும். அப்புறம்தான் போவேன். பின்னால கார்க்காரங்க திட்டுவாங்க. திட்டட்டும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்க பொண்ணுக்கும் அப்படித்தான்."

 எலியாசார் எழுந்து, கூடைக்குள் இருந்த பாட்டிலைத் திறந்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, "போன வாரம் கோழி வீணாப் போச்சு. இந்த வாரம் வீணாகாது. எடுத்துட்டு வாங்க" என்றார்.

லவோன் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

எலியாசாரின் மனைவி ஆவி பறக்கும் கிண்ணத்தை நீட்டி, "சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள்.

"குடுங்க" என்றார் ஆர்வில், முதல் தடவையிலேயே. வாங்கிய வேகத்தில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.