திருமலைச்சாமி நிலத்தில் ஓடிய ரயில்

மன்னவனூரில் ரயில் கிடையாது. வரப்போவதாக யாரும் சொன்னதும் கிடையாது. பஸ்ஸே மூச்சு வாங்கிக்கொண்டுதான் மலையேறும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ரயில் பாதைக்காக அண்ணன் தங்கைக்குள் பேச்சு அற்றுப்போனது என்றால், அதற்கு முழுக் காரணம் செல்லப்பாண்டிதான்.

செல்லப்பாண்டி பூண்டும் கேரட்டும் போடுகிற சம்சாரி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு கொண்டுபோகும்போது ரயில்வே கேட் மூடியிருந்தால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். இவன் மட்டும் லாரியிலிருந்து குதித்து ஓடுவான். கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். ஒருமுறை கொடைக்கானலில் வீட்டைக் காலி செய்த ஒரு வாத்தியார் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு பீரோ வாங்கப் போனவன், பொம்மை ரயிலோடு திரும்பி வந்தான். உள்ளங்கை நீளத்துக்கு எஞ்சின், சில பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அன்றைக்கு அவன் பெண்சாதி கருப்பம்மாள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை.

பூண்டு தொங்கவிடும் அறையில் பாதியை ரயில் பிடித்துக்கொண்டது. பலகை அடித்து, தெர்மாகோலில் மலை செய்து, பஞ்சில் செம்மறி ஆடுகள் செய்து மேயவிட்டான். அத்தோடு நின்றிருக்கலாம். ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரைச் செய்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? இவன் மன்னவனூரையே செய்தான். எந்த வயல் எங்கே முடிகிறது, எந்த வீட்டு ஓடு உடைந்திருக்கிறது என்பது வரைக்கும் அப்படியே செய்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மகள் தமிழ்மதிக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கருப்பம்மாளுக்கு ஒரே அண்ணன், திருமலைச்சாமி. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த மனுஷன், சும்மா இருக்காமல் ரயிலை எட்டிப் பார்த்தார். முதலில் சிரித்தார். தன் வீட்டைக் கண்டுபிடித்துப் பூரித்துப்போனார். அப்புறம் முகம் சுண்டியது.

"மாப்ள, இது என் கெழங்குக் காடுல்ல?"

"ஆமா மச்சான். அச்சு அசலா இருக்குல்ல?"

"அதுக்குள்ளாற எதுக்கு ரயிலு போகுது? யாரக் கேட்டு விட்டீங்க?"

மச்சான் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று செல்லப்பாண்டி நினைத்தான். அவர் விளையாடவில்லை. "தண்டவாளம் என் நெலத்த விட்டுப் போற வரைக்கும் ஒங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாதையைத் தள்ளிப் போடலாம் என்றால், ஒரு பக்கம் கருப்பசாமி கோயில். சோப்புப் பெட்டியில் செய்த கோயில்தான், ஆனாலும் சாமியை நகர்த்த அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. மறுபக்கம் பலகை முடிந்துவிடுகிறது. வளைவைக் குறுக்கிப் பார்த்தான். எஞ்சின் குப்புற விழுந்தது. மேலே பாலம் கட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினான். "நெழலு விழுந்தா கெழங்கு எறங்காது" என்று பதில் வந்தது. சரி, சுரங்கம் தோண்டுகிறேன் என்றான். "என் ஊத்துத் தண்ணி பூரா வடிஞ்சு போகும்" என்றார்.

நியாயம் கேட்க ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வந்தான். அவர்களாவது சிரித்துத் தள்ளிவிடுவார்கள் என்று நம்பினான். அவர்கள் சோப்புப் பெட்டிக் கோயிலைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, வரப்பு வரப்பாகப் பார்த்தார்கள். ஒருவர் தன் வீட்டுக்கு ஏன் வெள்ளையடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். கடைசியில், "நெலம் அவரு நெலந்தாம்ப்பா, அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

காது குத்தும் நாளும் வந்தது. ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பந்தலில் தாய்மாமனுக்குப் போட்ட மணை காலியாகக் கிடந்தது. சொந்தக்காரர்கள் காதோடு காது பேச ஆரம்பித்தார்கள். கருப்பம்மாள் விறுவிறுவென்று பூண்டு அறைக்குள் போனாள். ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டது. செல்லப்பாண்டி ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் அண்ணனின் கிழங்குக் காட்டை நாலு எல்லையோடும் அறுத்து எடுத்துவிட்டாள். அந்த ஓட்டையைப் பார்த்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் நிலத்தைத் தாம்பாளத்தில் வைத்து, பூவும் பழமும் சுற்றிவைத்து, மேளத்தோடு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

"இந்தாண்ணே ஒன் நெலம். ரயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெரசா வா, பிள்ள காத்துக் கெடக்கு."

திருமலைச்சாமி நிலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரப்பைத் தடவினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, நிலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். யாரிடமும் கொடுக்க மனசில்லாமல் ஒரு தொடையில் மருமகளும் மறு தொடையில் கிழங்குக் காடுமாக மணையில் உட்கார்ந்தார்.

காது குத்தியதும் தமிழ்மதி வீறிட்டு அழுதாள். வாழைப்பழத்துக்கு அடங்கவில்லை, மிட்டாய்க்கு அடங்கவில்லை. "ரயில் விடச் சொல்லுங்க மாமா, ரயில் விடச் சொல்லுங்க" என்று மாமன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

பந்தலே திருமலைச்சாமியைப் பார்த்தது. அவர் தன் நிலத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, பூண்டு அறைக்குப் போய், நிலத்தை அது இருந்த ஓட்டையில் அவரே பொருத்தினார். செல்லப்பாண்டி தண்டவாளத்தைச் சேர்த்தான்.

"என் காட்டுக்குள்ள வாரப்ப மெதுவாப் போகணும் மாப்ள. கெழங்கு போட்டிருக்கு."

"சரி மச்சான்."

ரயில் கோயிலைத் தாண்டி வந்தது. கிழங்குக் காட்டின் எல்லையில் செல்லப்பாண்டி திருகைக் குறைத்தான். எஞ்சின் ஊர்ந்து ஊர்ந்து போனது. தமிழ்மதியின் அழுகை நின்றது. கடைசிப் பெட்டி தன் வரப்பைத் தாண்டுகிற வரைக்கும் திருமலைச்சாமி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"இன்னொரு தடவ விடுங்க மாப்ள" என்றார்.