மார்செலின் வீட்டுப் பின்வாசல்

பிரான்சில் எங்கள் க்ரூஸ் மலைப்பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கு முன்கதவு ஒன்று இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை. சொத்துப் பத்திரத்தோடு நோட்டரி வந்தால் திறப்பார்கள், பாதிரியார் வந்தால் திறப்பார்கள், பிணம் வெளியே போகும்போது திறப்பார்கள். மற்ற எல்லோரும் தொழுவத்தைச் சுற்றி, சேற்றை மிதித்துக்கொண்டு, பின்வாசல் வழியாக நேரே அடுப்படிக்குள் வந்துவிடுவார்கள். ரோலான் இந்த மலையில் யார் வீட்டு முன்கதவையும் தட்டியவரில்லை. அவர் தொழில் அப்படி. மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். "இந்தப் பக்கத்துல பாதிக் கன்னுக்கு அப்பன் நம்ம ரோலான்தான்" என்று என் பாரில் உட்கார்ந்து எவனாவது ஆரம்பிப்பான். அவர் காது சிவக்கச் சிரிப்பார்.

மனைவி ஒரு பல் டாக்டரோடு லிமோஜ் நகரத்துக்குப் போய்விட்ட வருஷம் அவர் கிராவல் சைக்கிள் வாங்கினார். பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, ஆனால் தடித்த டயர். தாரிலும் ஓடும், ஜல்லியிலும் ஓடும், மாட்டுச் சாணத்திலும் ஓடும். "பொண்டாட்டி போச்சு, சைக்கிள் வந்துச்சு. கணக்குப் பாத்தா லாபந்தான்டா" என்றான் லியோனெல். லியோனெல் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பன், ஊர்த் திருவிழாக் கமிட்டித் தலைவன். முன்பெல்லாம் அவனையும் மரியாதையாகத்தான் பேசுவேன். இப்போது வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரோலான், லியோனெல், நான் என்று மூன்று பேர் கிளம்புவோம். பாரை மத்தியானத்துக்கு மேல்தான் திறப்பேன். கருங்கல் சுவர்களுக்கு நடுவே, பெரணி முட்டியைத் தட்ட, காட்டுக்குள் ஓட்டிக்கொண்டே போவோம். ஒரே ஒரு தொல்லை: மலைமுதுகிலிருந்து ஆற்றுக்கு இறங்க, மரம் ஏற்றிய லாரிகள் பறக்கிற பெரிய ரோட்டில்தான் போயாக வேண்டும். இன்னொரு வழி உண்டு. அது மார்செலினின் முற்றத்துக்குள் போகிறது.

மார்செலின் தனியாளாய் நின்று பழுப்பு மாடு வளர்ப்பவள். அவள் புருஷன் உயிரோடிருந்தபோது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேட்டைக்காரர்களைத் தோப்புக்குள் விட்டான். அந்த இலையுதிர் காலத்தில் அவள் நாய் குண்டடிபட்டுச் செத்தது. அன்றைக்குக் கம்பிவேலி போட்டவள்தான். மேயர் வந்து கேட்டும் வழி விடவில்லை.

ரோலானுக்கு விட்டாள். ஒரு கன்று கால் மாறி வந்து, தாய்ப்பசு பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட நாளில், அவர் தன் வேலை இல்லையென்று போய்விடாமல் கூடவே இருந்து இழுத்தார். இரண்டும் பிழைத்தன. கை கழுவ வெந்நீர் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாளாம்:

"யோவ் ரோலான், ஞாயித்துக்கெழமயில இந்தப் பக்கமாப் போய்க்கோ. கூட ரெண்டு பேரு வந்தா வரட்டும். வேலி கேட்டச் சாத்திட்டுப் போ. வழிய மட்டும் எவன்கிட்டயும் சொல்லிராத."

அவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, புதர் மண்டிக் கிடந்த அந்தப் பாதையை இரண்டு குளிர்காலம் தன்னந்தனியாக முள் வெட்டிச் சீராக்கினார். பாதைக்காகத்தான் வெட்டுவதாகச் சொன்னார். நானும் நம்பியதுபோலத் தலையை ஆட்டினேன்.

போன் பற்றிய சட்டமும் அவருடையதுதான். இந்தக் காலத்தில் சைக்கிள்காரன் எங்கே போனாலும் போன் அந்தத் தடத்தைப் பதிந்து ஊருக்கெல்லாம் காட்டிவிடுகிறதே. அதனால் கிளம்புமுன் மூவருடைய போனும் என் கல்லாவுக்குப் பக்கத்து பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். "மாதா கோயில் உண்டியல் மாதிரி ஆக்கிட்டியேடா" என்று லியோனெல் முனகுவான். முனகிக்கொண்டேதான் போடுவான்.

மார்செலின் அடுப்படியில் ரோலானுக்கென்று ஒரு கோப்பை, கைப்பிடி உடைந்தது. காபிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று அவள் கேட்கவே மாட்டாள். மூன்று கட்டி சர்க்கரையைப் போட்டு, திட்டிக்கொண்டே கலக்குவாள்.

"பல்லு பூராக் கொட்டட்டும். உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனானே ஒரு டாக்டரு, அவன்கிட்டயே போய்ப் பல்லு கட்டிக்கோ."

இந்தப் பேச்சை வேறு யாராவது பேசியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். அவள் பேசினால் கோப்பையை இன்னொரு முறை நீட்டுவார்.

சென்ற குளிர்காலத்தில், பாரில் வேறு யாருமில்லாத நேரம் பார்த்து, என்னிடம் சொன்னார்: "மிரேய், ஜூன்ல ரிடையர் ஆகுறேன். அதுக்கப்புறம் மார்செலின்கிட்ட கேக்கலாம்னு இருக்கேன்."

"என்னன்னு?"

"அங்கேயே இருந்துடட்டுமான்னு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "சைக்கிளையும் சேத்தா?" என்று கேட்டுச் சமாளித்தேன்.

ரிடையர் ஆகிற வாரத்தில் லியோனெல் ஊரெல்லாம் குசுகுசுத்தான். ரோலானுக்குத் தெரியாமல் அவர் பெயரிலேயே பெரிய சைக்கிள் ஓட்டம், வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்றான். திருவிழாவுக்கு ஆளே வராமல் போய், கமிட்டியைக் கலைத்துவிடலாமா என்று பேச்சு எழுந்திருந்த சமயம் அது. எனக்கும் சந்தோஷம்தான். "எந்த வழியா விடப்போற?" என்று கேட்டேன்.

"காட்டு ரோடுதான், வேற எது?" என்றான். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முன்னால் இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு துணி, அதில் எண்ணுக்கு மேலே கொட்டை எழுத்தில் 'ரோலான்'. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள், வெட்டினார். லியோனெலைக் கட்டிப்பிடித்து அழுதார். லியோனெலும் அழுதான். அழுதானே, பாவி!

கூட்டத்தை முன்னால் விட்டு நானும் அவரும் கடைசியில் கிளம்பினோம். வழியெல்லாம் மரங்களில் மஞ்சள் அம்பு கட்டியிருந்தார்கள். பெரிய செஸ்ட்நட் மரம் வந்தது. அம்பு இடது பக்கம், மார்செலின் முற்றத்துக்குப் போகிற பாதையைக் காட்டியது.

"மிரேய், இத யாரோ தப்பாக் கட்டிட்டாங்க" என்றார்.

இறங்கி அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். அடுத்த மரத்திலும் ஓர் அம்பு இருந்தது. அதை அவர் கழற்றவில்லை, சைக்கிளில் ஏறினார். அப்படி அவர் மிதித்து நான் பார்த்ததில்லை.

கேட் அகலத் திறந்து கிடந்தது. சைக்கிள்காரர்கள் இறங்கிச் சிரமப்பட வேண்டாமென்று கமிட்டியின் மஞ்சள் ரிப்பனால் அதைத் தூணோடு கட்டி வைத்திருந்தார்கள். கட்டியவன் கைக்கு என்ன செய்தால் தகும்? மாடுகள் பெரிய ரோட்டுக்குப் போய்விட்டன. லாரி ஹாரன் அடித்ததில் மிரண்டு, ஒரு சினைக் கிடாரி பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டது. ரோலான் ஊசி போட்டு நின்ற சினை அது. மாட்டு டாக்டர் வந்தார். அதன் கதையை முடிப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மார்செலின் முற்றத்தில் கம்போடு நின்றிருந்தாள். பின்தங்கி வந்தவர்கள் அவளைக் கடக்கும்போது, "நன்றிம்மா! பிரமாதமான வழிம்மா!" என்று கையாட்டிக்கொண்டே போனார்கள்.

"மார்செலின், சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார் ரோலான்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, போகிற முதுகுகளைப் பார்த்தாள். "ஒவ்வொருத்தன் முதுகுலயும் உன் பேருதான்யா இருக்கு. வழிய நான் உனக்கு மட்டுந்தான் விட்டேன்."

பாருக்குத் திரும்பினோம். லியோனெல் மைக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான்.

"வழி எப்படிடா உனக்குக் கெடச்சுது?" என்று கேட்டார் ரோலான்.

அவன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். தடித்த கறுப்புக் கைக்கடிகாரம். "போனத்தான டப்பால போடச் சொன்ன? இதுவும் தடம் பதியும்டா." ஏதோ பள்ளிக்கூடத்து வாத்தியாரை ஏமாற்றிவிட்டவன் மாதிரி சொன்னான். கிடாரி செத்த விஷயத்தை நான் சொன்னதும் சிரிப்பு போனது. "உனக்காகத்தான்டா பண்ணேன்" என்றான்.

"எனக்காகன்னா என்கிட்ட கேட்டிருப்ப."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா" என்றார் ரோலான்.

"போய் அவகிட்ட உண்மையச் சொல்லு. இப்பவே போ" என்று நான் கத்தினேன். போகிறேன் என்றான். போகவில்லை. புகார் வந்துவிடுமோ என்ற பயத்தில் மேயரிடம் போய், "ரோலான் அனுமதி வாங்கிட்டாருன்னு நெனச்சேன், வழிய அவருதான காட்டினாரு" என்று சொல்லிவிட்டு வந்தான். சாயங்காலத்துக்குள் அது மார்செலின் காதுக்குப் போய்விட்டது. கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, இவன் பறித்த குழிக்கு மேலே பூவும் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் பாரில் அவனுக்கு இடம் கிடையாது. நண்பனை இழந்தது ரோலானுக்கு வலித்ததா என்று கேட்டால், வலித்தது. ஆனால் அவர் அதை நினைக்கக்கூட நேரமில்லாமல் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

புல் அறுப்பு முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு பிற்பகல், "நீயும் வாயேன். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு" என்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நடந்தே போனோம். கேட்டில் புதுச் சங்கிலி, புதுப் பூட்டு. அவர் வெட்டிச் சீராக்கிய பாதையின் குறுக்கே செஸ்ட்நட் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தாள். கம்பியைத் தூக்கி நுழைந்திருக்கலாம். அவர் நுழையவில்லை. பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டின் முன்பக்கம் வந்தோம்.

அவர் தட்டினார். உள்ளே வெகுநேரம் தாழ்ப்பாளோடு போராடும் சத்தம். மழையில் ஊதிப்போன கதவு. அவள் புருஷனைத் தூக்கிக்கொண்டு போனதற்குப் பிறகு திறந்திருக்க மாட்டாள். "பின்னால வாய்யா" என்று ஒரு வார்த்தை உள்ளேயிருந்து கத்துவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

ஜன்னல் சாத்திய, குளிர்ந்த கூடத்தில் எங்களை உட்காரவைத்தாள். அந்த அறை அந்த வீட்டில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "லியோனெல்தான் பண்ணான், கடிகாரத்துல" என்று நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். "கேள்விப்பட்டேன்" என்றாள். எதைக் கேள்விப்பட்டாள், எதை நம்பினாள், சொல்லவில்லை. கோபமாகவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் ரோலான் பிழைத்திருப்பார். கேட்க வந்ததை அவர் கேட்கவேயில்லை.

காபி வந்தது. தங்க விளிம்பு போட்ட, விருந்தாளிகளுக்கான மெல்லிய கோப்பைகள். சர்க்கரைக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"சக்கர போட்டுக்குவீங்களா?" என்று கேட்டாள்.

ரோலான் கிண்ணத்தைப் பார்த்தார். "இல்ல, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அந்தக் காபியை அப்படியே குடித்தார்.