இரண்டு பாகமும் ஒரே அட்டையில்

அன்று சங்கத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர்: சலவைப்பட்டறைக்காரர், நூல்கடை பாய், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், தபாலாபீஸ் குமாஸ்தா, எல்லோரிலும் சின்னவனான நான். வராதவர் பைண்டர். ஆள் அனுப்பிக் கூப்பிட்டும், "பசை காய்ச்சிட்டிருக்கறனுங்க, உட்டுட்டு வர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். வராததும் நல்லதுதான். வந்திருந்தால் திட்டு வாங்கியே செத்திருப்பார்.

மேசைமேல் ஒரு புத்தகம் இருந்தது. சிவப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டை, முதுகில் தங்க எழுத்து. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு புத்தகமாக இருந்தது. நாங்கள் கொடுத்தனுப்பியது இரண்டு.

எங்கள் சங்கம், புத்தகத்தை இரவல் கொடுத்துத் தொலைத்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. மச்சானுக்குக் கொடுத்தது, சம்பந்திக்குக் கொடுத்தது, மங்கலம் ஊரில் கட்டிக்கொடுத்த தங்கை வீட்டோடு போனது என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அதனால் முதல் விதியே இரவல் கிடையாது என்பது. சலவைப்பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரிக்கும். அங்கே அலமாரியில் ஆளுக்கொரு தட்டு. ஒருவர் தட்டிலிருப்பதை இன்னொருவர் படிக்க வேண்டுமானால் உடையவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். பாய் நூல் வாங்க மதுரைக்கும் மெட்ராசுக்கும் போகிறவர். பாதிப் புத்தகம் அவர் கொண்டுவந்ததுதான். பனியன் பெட்டிக்குள் வைக்க என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய காகிதத்தைக் கிளறுவது என் வேலை. கிடைத்ததை மேசையில் வைத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சரிபார்ப்போம். ஆயுதபூசைக்கு முன்னால் கிழிந்ததையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி பைண்டரிடம் அனுப்புவோம்.

அந்தப் புத்தகம் ஒரு பழைய துப்பறியும் நாவல். முதல் பாகம் பாயிடம். இரண்டாம் பாகம் பட்டறைக்காரரிடம். ஒருவர் பாகத்தை மற்றவர் விலைக்குக் கேட்டுப் பார்த்தார், இருவரும் மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு படிக்கக் கேட்கவும் மனசு வரவில்லை.

"கேட்டா குடுக்க மாட்டனா? கேக்கட்டும்" என்று பாய் என்னிடம் சொன்னார். பட்டறைக்காரரும் வேறொரு நாள் அதையேதான் சொன்னார். பல வருசம் அப்படியே போயிற்று. செத்தது யார் என்று பாய்க்குத் தெரியும். கொன்றது யார் என்று பட்டறைக்காரருக்குத் தெரியும்.

அந்த வருசம் இரண்டிலும் பூச்சி விழுந்து, இரண்டும் ஒரே மூட்டையில் போயின. பைண்டருக்குப் பிழைப்பே கம்பெனிக் கணக்குப் புத்தகங்கள்தான். அரை வருசக் கணக்கு இரண்டு வந்தால் சேர்த்துத் தைத்து ஒன்றாக்கிக் கொடுப்பது அவர் வழக்கம். இதையும் அப்படியே செய்துவிட்டார்.

"பிரிச்சுப் போடுங்க. என்னுது எனக்கு வேணும்" என்றார் பட்டறைக்காரர்.

கட்டிங் மாஸ்டர் புத்தகத்தை விரித்து ஓரத்தைத் தடவினார். "ஏற்கெனவே மூணு பக்கமும் வெட்டியிருக்கான். உள்பக்கமும் பசையில ஒட்டியாச்சு. இனிப் பிரிச்சா எழுத்தோட வருமுங்க அண்ணா."

"அப்ப எனக்கு வித்துருங்க பாய்."

"நீங்க வித்துருங்க."

"ஏனுங்க, ஒண்ணு பண்ணுங்க" என்றார் கட்டிங் மாஸ்டர். "புதுப்பொண்ணாட்டம் ஆடிக்கு ஒரு ஊடு, மத்த மாசம் ஒரு ஊடுன்னு அனுப்பிச்சுருங்க. சீர் செலவு மட்டும் சங்கம் பாத்துக்கும்."

குமாஸ்தா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பாய் எழுந்து தன் தட்டிலிருந்து புத்தகங்களை எடுத்துத் துண்டில் அடுக்கத் தொடங்கினார். "உங்க எடத்துல உக்காந்துட்டு உங்ககூடச் சண்டை போடறது மரியாதையில்லீங்க. என்னுத நான் எடுத்துக்கறேன்."

அறை ஒருவருடையது, அங்கிருக்கும் புத்தகங்களில் பாதி இன்னொருவருடையது. இதில் யார் போனாலும் சங்கம் இல்லை. மற்றவர்களுக்காவது வீட்டில் ஓர் அலமாரி உண்டு. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இருப்பது ஒரே அறை, ஒரே விளக்கு. நான் படித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். புரண்டு புரண்டு படுப்பார்கள். அந்தப் புரளல் கேட்டதும் விளக்கை அணைத்துவிடுவேன். நான் வாங்கிய புத்தகங்கள் மொத்தமும் அந்தப் பட்டறை அறையில்தான் இருந்தன. பாயின் துண்டில் ஒவ்வொரு புத்தகமாக ஏற ஏற நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் விவகாரம், நான் என்ன சொல்ல முடியும்?

பட்டறைக்காரர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கோபத்தில் புரட்டுகிறார் என்று நினைத்தேன். திடீரென்று கை நின்றது.

"பாய்."

"சொல்லுங்க."

"இந்த வண்டிக்காரன் எதுக்குங்க அந்தத் தகரப்பெட்டியத் தூக்கிட்டே திரியறான்? என்னுதுல மொதப் பக்கத்துலயே பெட்டியோட வர்றான். எத்தன வாட்டி படிச்சும் வெளங்கல."

துண்டை முடிந்துகொண்டிருந்த பாய் திரும்பினார். "அது என்னோட பாகத்துல வருது."

"அதுனாலதானுங்க கேக்கறேன்."

பாய் துண்டு மூட்டையை அப்படியே தரையில் வைத்தார். பிறகு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்ல மாட்டேன். சொன்னா ருசி போயிரும். நடுவுல சத்திரத்துல தங்கற எடம் வரும், அங்கிருந்து படிங்க." பக்கத்தை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அன்று அதற்கு மேல் விவகாரம் பேசப்படவில்லை. பட்டறைக்காரர் படித்தார். பாய் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு மூட்டையை மெதுவாக அவிழ்த்து நானே தட்டில் அடுக்கினேன். பாய் பார்த்தார், தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாய் பின்பாதியைப் படித்து முடித்துவிட்டு, "ஏனுங்க, கொலைகாரன் அந்த வக்கீல்னு தெரிஞ்சும் இத்தன வருசம் எங்கூட டீ குடிச்சிருக்கீங்களே!" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது என்று மறுபடி பேச்சு வந்தது. இருவர் தட்டிலும் வைக்க முடியாது. என் தட்டில்தான் இடம் நிறையக் காலியாக இருந்தது. அங்கே வைத்தார்கள். விதிப்படி இனி அதைப் படிக்க இருவரும் என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று கட்டிங் மாஸ்டர் சொன்னதும் சிரிப்பு. விளையாட்டுக்குச் சொன்னதை அவர்கள் விதியாகவே எடுத்துக்கொண்டார்கள். என் அப்பா வயதுக்காரர்கள் இருவரும், "கண்ணு, அதக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். அப்படிக் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவேன்.

பைண்டர் பயந்துபோய் ஒரு புத்தகத்துக்கான கூலியே போதும் என்று சொல்லியனுப்பினார். மூன்றரை ரூபாய். அதை மட்டும் இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்: ஆளுக்கு ஒன்றே முக்கால்.