முள்ளுள்ள சுறா

என்ர தங்கச்சிக்குக் கடல்தான் உத்தியோகம். துறைமுகம் துறைமுகமாப் போய், வள்ளங்கள் கொண்டுவந்து இறக்கிற மீனை அளந்து, நிறுத்து, எந்தச் சாதி குறையுது, எது கூடுது எண்டு எழுதிறவள். அவளின்ர அக்கா நான், பாங்கில வேலை. வீட்டில அவள் கடலைப் பற்றித் தொடங்கினால் நான் டிவியின்ர சத்தத்தைக் கூட்டிவிடுவன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, டிவிக்கு மேலால கதைப்பாள்.

போன வருசம் அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மனுசன் கத்தாரில, லீவு கிடைக்கேல்லை. அம்மா ரொறொன்ரோவில முழங்காலில ஒப்பரேசன் செய்துபோட்டு இருக்கிறா, பிளேன் ஏறேலாது. அப்ப ஆர் பாக்கிறது? நான்தான். லீவைப் போட்டுட்டு கொழும்பு வெள்ளவத்தையில அவளின்ர ஆறாம் மாடி வீட்டுக்குப் பெட்டியோட போய் இறங்கினன். பிள்ளை பெத்தவளுக்குச் சமைச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனா அம்மா ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப் வீடியோவில வந்து, பக்கத்தில நிண்டு பிடரியில தட்டுற மாதிரி வேலை வாங்கினா. உள்ளி காணாது, மிளகு காணாது, அடுப்பைக் குறை. ரொறொன்ரோவில இருந்து அவவுக்கு என்ர அடுப்புத் தெரியுது, பாருங்கோ.

பிரச்சினை பால்தான். பிள்ளை குடிக்கும், கண்ணை மூடும், கொஞ்சத்தில திரும்பவும் வீரிடும். அம்மாவுக்கு மருந்து தெரிஞ்சிருந்தது. பால்சுறா. எங்கட ஆக்களுக்கு அதில மறுபேச்சில்லை. சின்னச் சுறாக்குட்டியை அவிச்சு, உதிர்த்து, உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டு வறையாக்கிக் குடுத்தால் தாய்க்குப் பால் ஊறும். அம்மா எங்கள் ரெண்டு பேரையும் பெத்தநேரம் அதைத்தான் திண்டவவாம்.

தங்கச்சி ஒரே சொல்லில வேண்டாம் எண்டுட்டாள். பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு எனக்குப் பாடம் வேற எடுத்தாள். பெரிய மீன் பிடிக்கவெண்டு இரவு முழுக்க மைல் கணக்கில வலை விரிச்சுவிடுவினமாம். வலை ஆள் பாத்துப் பிடிக்கிறதில்லை, ஆமையும் வரும், சுறாவும் வரும். சூடை மாதிரிச் சின்னமீன் எண்டால், சோளகக் காத்து அடிச்சு அடிக்கடலின்ர குளிர்தண்ணி மேல வர, கடல் பாசிபிடிச்சுப் பச்சையாக, அதைத் திண்டு மளமளவெண்டு பெருகும். சுறா அப்பிடிப் பெருகாது. வயித்தில சுமந்து ஒரு சில குட்டியைத்தான் போடும், அதுகும் ஆளாக வருசக் கணக்கு. பால்சுறா எண்டு விக்கிறதில கனக்க, பெரிசா வளரவேண்டிய சாதியளின்ர குட்டியாம். தாய் கரையோரத்துக்கு வந்து குட்டி போட்டுட்டுப் போக, அங்கயும் வலை நிக்குதாம். இப்ப துறைமுகத்தில தனக்கு அளக்கிறதுக்குப் பெரிய சுறாவே வாறேல்லையாம். பிறந்த குட்டியின்ர வயித்தில தொப்புள் கூட இருக்கும், தான் கண்டிருக்கிறன் எண்டாள்.

மீனுக்குத் தொப்புளாம்! எனக்கு வந்துதே ஒரு கோபம். உன்ர பிள்ளைக்குப் பாலில்லாமக் கிடக்கு, நீ மீனின்ர பிள்ளைக்கு அழுறாய், உனக்கு மண்டையில ஏதும் இருக்கோ எண்டு ஏசினன். அண்டைக்கு முழுக்க ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சம். பிள்ளை மட்டும் ஆரையும் பாக்காமல் அழுதுகொண்டிருந்தது.

பிறகு மிட்வைஃப் மிஸ் வந்து பிள்ளையை நிறுத்தா. நிறை ஏறேல்லை. வாற கிழமையும் இப்பிடியெண்டால் பால்மா தொடங்கவேணும் எண்டு சொல்லி, பிள்ளையை எப்பிடிச் சரிச்சுப் பிடிச்சுக் குடுக்கிறது எண்டும் காட்டிப்போட்டுப் போனா. தங்கச்சி பாத்ரூமுக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணிச் சத்தத்துக்குள்ளாலயும் அவள் அழுறது கேட்டுது. வெளியில வந்து, முகத்தைக் கூடத் துடைக்காமச் சொன்னாள்:

"அக்கா, சுறா வாங்கிக்கொண்டு வா. பிள்ளைக்கெண்டால் நான் தின்னுறன்."

நான் வெண்டவள்தானே, சந்தோசப்பட்டிருக்கவேணும். ஆனா அந்தக் குரலைக் கேட்ட பிறகு சந்தோசம் எங்க வாறது? தலையை மட்டும் ஆட்டினன்.

அடுத்தநாள் காலமை பிள்ளையைத் துடைக்கேக்க, காய்ஞ்சு கிடந்த தொப்புள்கொடி தானா விழுந்துது. அந்த இடம் இன்னும் ஈரமா, சிவந்து, வடிவா மூடாமல் இருந்துது. பஞ்சால ஒத்திப்போட்டு, பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தன்.

மீன் விக்கிற பெடியனை எனக்குப் பழக்கம். சிங்களத்தில தம்பிக்கு மல்லி, அப்பிடித்தான் கூப்பிடுவன். விடிய முதல் பேலியகொடை மீன்சந்தைக்குப் போய் எடுத்துக்கொண்டு வாறவன். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சுறாக்குட்டி கேட்டன். ஆருக்கெண்டு அவனுக்கு உடனே விளங்கிட்டுது. ஐசுக்குள்ள இருந்து நல்லதா ஒண்டை இழுத்து, பலகையில மல்லாத்திப் போட்டு, கத்தியை எடுத்தான். முழங்கை நீளம்கூட இல்லை. வெள்ளை வயிறு. முன்செட்டை ரெண்டுக்கும் நடுவில சின்னதா ஒரு கீறல், ஈரமா, சிவந்து, வடிவா மூடாமல்.

நான் வாங்காட்டில் வேற ஆரும் வாங்குவினம். செத்தது எழும்பி நீந்தப் போறதும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும், நான் ஒண்டும் பச்சைப்பிள்ளையில்லை. ஆனா என்ர வாய் முந்திக்கொண்டு, "எப்பா மல்லி, வேண்டாம், வெட்டாதை" எண்டு சொல்லிப்போட்டுது. அவன் கத்தியைப் பிடிச்சபடி என்னைப் பாத்தான். பக்கத்துத் தட்டில சூடை பளபளவெண்டு கிடந்துது. அதில ஒரு கிலோ போடச் சொன்னன்.

வீட்டுக்கு வரும்வரைக்கும் எனக்கு எல்லாரிலயும் கோபம். வலையில, அம்மாவில, தேவையில்லாமல் எனக்குத் தொப்புளைப் பற்றிச் சொன்ன தங்கச்சியில. குசினிக் கதவைச் சாத்திப்போட்டு, சூடையை அவிச்சு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில இருந்து முள்ளு எடுத்தன். சூடையில முள்ளு எடுக்கிறதெண்டால் சும்மா விளையாட்டே? குனிஞ்சு இருந்து நாரி விட்டுப்போச்சு. பிறகு சுறாவுக்குப் போடுற அதே உள்ளி, மிளகு, மஞ்சள், தேங்காய்ப்பூ. பாக்கச் சுறா வறை மாதிரித்தான் இருந்துது, நிறம் கொஞ்சம் கறுப்பு. பால் வராட்டில் இந்தப் பழியும் என்ர தலையிலதான் எண்டு நினைச்சு, இன்னும் ரெண்டு பல்லு உள்ளி தட்டிப் போட்டன்.

சாப்பாட்டு நேரம் அம்மாவும் வந்திட்டா. சுறா வாங்கப் போன கதை அவவுக்குத் தெரியும், பாக்காமல் விடுவாவோ? போனைத் தண்ணிப் போத்தலில சாத்தி வைச்சம். தங்கச்சி முதல் வாயை எடுத்து வைச்சாள். மெண்டது நிண்டுது. நாள் முழுக்க மீனோட கிடக்கிறவளுக்குத் தெரியாதே? என்னைப் பாத்தாள். நான் மேல சுத்துற ஃபானைப் பாத்தன். அவள் மெதுவா விரலை வாய்க்குள்ள விட்டு, மயிர் மாதிரி ஒரு முள்ளை எடுத்தாள். சுறாவில முள்ளிருக்காதெண்டு எங்கட வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

எப்பிடி இருக்கெண்டு அம்மா கேட்டா.

தங்கச்சி முள்ளைக் கறிவேப்பிலைக்குக் கீழ ஒளிச்சாள். கண்ணெல்லாம் தண்ணி.

"நல்ல பால்சுறா அம்மா."

எனக்கு அவளை அப்பிடியே கட்டிப்பிடிக்கவேணும் போல இருந்துது. அம்மா பாத்துக்கொண்டிருந்தபடியால் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டன்.

அடுத்த கிழமை மிட்வைஃப் மிஸ் திரும்ப வந்து நிறுத்தா. நிறை ஏறியிருந்துது. சூடையோ, உள்ளியோ, அவ சொல்லிக்குடுத்தபடி சரிச்சுப் பிடிச்சதோ, எது செய்ததெண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். அம்மா மட்டும் சுறாதான் எண்டு ரொறொன்ரோ முழுக்கப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டா. அடுத்த கிழமையும் மறக்காமல் வாங்கு எண்டு எனக்குக் கட்டளை வேற.

போனை வைச்சுப்போட்டுத் திரும்பினன். பிள்ளை குடிச்சு முடிச்சு, வாயோரத்தில பால் வழிய, தங்கச்சியின்ர நெஞ்சில நித்திரை. அவள் அதை எழுப்பாமல் மெல்லமாச் சொன்னாள்:

"அந்தச் சுறாவையே வாங்கு அக்கா. முள்ளை மட்டும் கொஞ்சம் வடிவாப் பாத்து எடு."