அம்மன் வாங்கிக் கொடுத்த லீவு

துரைமார் காலத்தில், நடுவட்டத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள் பேச்சி. புருஷன் ஒச்சப்பனோடு மலையேறி வந்த நாலு வருஷத்தில் மூன்று பிரசவம். மூத்தவன் கொழுகொழுவென்று பிறந்தான். அவன் நடக்கும் முன்பே வந்த பெண் ஒரு கைக்குள் அடங்கிற்று. பதினைந்தாம் நாள் போய்விட்டது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் வந்தவள் மரகதம். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

“இன்னும் ரெண்டு வருசத்துக்கு வயித்துல ஒண்ணும் தங்கக் கூடாது பேச்சி,” என்றாள் எஸ்டேட் மருத்துவச்சி ஜெஸிந்தா. “உன்ற உடம்புல ரத்தமே இல்லை. உடனே இன்னொண்ணு வந்தா அதுவும் தேறாது, பாலில்லாம இதுவும் தேறாது.”

“அதை எங்க ஊட்டுக்காரருகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க.”

ஜெஸிந்தா அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கூலிக்காரர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஒரே அறை, குளிருக்கு ஒரே கம்பளி. பிரசவத்துக்குத் தாய் வீடு போக மூன்று தடவையும் பேச்சி லீவு கேட்டாள். மூன்று தடவையும் மேஸ்திரி சுப்பண்ணன் கையை விரித்துவிட்டார்.

மாரியம்மன் நோம்பியில் உடுக்கை அடித்தபோதுதான் பேச்சிக்கு அந்த யோசனை வந்தது. சாமி வந்தவள்போலத் தலையை விரித்துப் போட்டு ஆடினாள்.

“டேய் ஒச்சப்பா! குலசாமி கோயில்ல இந்தப் புள்ளைக்கு முடி எறக்குற வரைக்கும் இவ பாயை நீ மிதிக்கக் கூடாது!”

ஒச்சப்பன் நடுநடுங்கி விழுந்து கும்பிட்டான். பேச்சிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பிரசவத்துக்கே லீவு தராத எஸ்டேட் மொட்டைக்கா தரப்போகிறது? ரெண்டென்ன, நாலு வருஷத்துக்கு நிம்மதி.

அந்த நிம்மதி ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் சுப்பண்ணன் துரையின் கையெழுத்துச் சீட்டோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஆத்தா வாக்கை மறிச்சுப்போட்டு நான் எங்க போயி நிக்கிறதுங்க? ஒரு வாரம் லீவு. முடியெறக்கிட்டு வெரசா வந்துருங்க.”

வந்தது சாமியில்லை என்று சொன்னால் லைனே பேச்சியைக் கிழித்துவிடும். சாமிதான் என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கட்டினாள்.

குலசாமி கோயிலில் நாவிதர் மரகதத்தின் தலையை நனைத்தார். இருந்ததே நாலு முடி. ரெண்டு இழுப்பில் முடிந்துவிட்டது. பேச்சி தேம்பித் தேம்பி அழுதாள். என்ன பக்தி என்று சுற்றி நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒச்சப்பன் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தான்.

“வேண்டுதல் முடிஞ்சு போச்சில்ல, பேச்சி?”

மரகதத்துக்கு அன்றைக்கு ஐந்து மாதம்கூட நிறையவில்லை.