வெள்ளைக்குள் போன வெள்ளை விமானம்

1976 ஆகஸ்ட், ஆஸ்திரேலியாவின் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு என் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகை காட்டியது. காற்று மேற்கிலிருந்து, மெல்லியது. பனி முழங்காலுக்குச் சற்றுக் கீழே. இவ்வளவும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

இடம், மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் நடுவே மலைகளின் மேல் கிடக்கும் மரமற்ற சமவெளி. மாதிரி விமானப் போட்டிக்காக ஒரு டசின் பேர் கூடியிருந்தோம். எங்களுடையவை இயந்திரமோ ரேடியோவோ இல்லாத கிளைடர்கள். பால்சா மரச் சட்டத்தில் மெல்லிய காகிதம் ஒட்டியவை. ஐம்பது மீற்றர் நூலில் பட்டம் போல இழுத்து உயர்த்துவோம். கொக்கி கழன்றதும் அது தன் போக்கில் பறக்கும். ஆளுக்கு மூன்று பறப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் வரைதான் கணக்கு. அதற்கு மேலும் பறந்து தொலைந்துவிடாதிருக்க வாலில் ஒரு திரி புகையும். திரி ரப்பர் வளையத்தைச் சுட்டு அறுத்ததும் வால் நிமிர்ந்து, விமானம் இறங்கிவிடும்.

நான் மெல்பேர்னின் மல்கிரேவிலிருந்து காரில் தனியாக வந்திருந்தேன். சிட்னியின் நார்த்மீட்டிலிருந்து மனைவியுடன் வந்தவர் என் நண்பர். மதராஸ்காரர், கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இந்தக் கலையைக் கற்றவர். கடையில் விற்கும் திரியை நம்பாமல் ஊதுபத்தித் துண்டைத்தான் வாலில் செருகுவார். அது ஒரே சீராக எரியும். நானே வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

வென்றவரின் பெயரை ஒரு மரக் கேடயத்தில் பொறிப்பார்கள். நண்பருக்கு அதுதான் வேண்டியிருந்தது. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அலுவலகத்தில் அவர் பெயரை மூன்று எழுத்தாக வெட்டிவிட்டார்கள்.

“கேடயத்துல வெட்ட முடியாதுல்ல? முழுப் பேரையும் எழுதித்தானே ஆகணும்” என்றார் போட்டிக்கு முந்தின மாலை, மோட்டலில்.

அவருடைய விமானம் முழு வெள்ளை. மதராஸின் செம்மண் திடலில் தேடி எடுக்க வெள்ளைதான் வசதி. பனியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஐசே, இது பனியில தெரியாது. என்னட்டக் கறுப்புப் பேப்பர் இருக்கு. இறக்கை நுனியில கொஞ்சம் ஒட்டும்” என்றேன்.

“முதல் போட்டிக்குப் போறவன் கறுப்ப ஒட்டிக்கிட்டா போவான்? நல்லா சொன்னீங்க, யாழ்ப்பாணத்தாரே!”

அவர் மனைவி சிரித்துக்கொண்டே விமானத்தின் மூக்கில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அவ்வளவுதான் நிறம்.

ஒருவர் பறப்பை மற்றவர் நேரம் பார்ப்பது வழக்கம். அவருக்கு நான், எனக்கு அவர். என் முதல் பறப்பு நூலிலேயே கவிழ்ந்து பனியில் மூக்கைக் குத்தியது. அத்தோடு வெற்றிக் கனவு போயிற்று. அவருக்கோ முதல் இரண்டும் முழு இரண்டு நிமிடம். மூன்றாவதும் அப்படி அமைந்தால் கேடயம் அவருடையது.

பனியில் ஓட முடியாது. நூலைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்துத்தான் ஏற்றினார். கொக்கி அழகாகக் கழன்றது. விமானம் அகன்ற வட்டங்களில் காற்றோடு நகர்ந்தது. ஒரு நிமிடம் நாற்பத்தொரு விநாடியில், வெளுத்த வானத்துக்கும் வெளுத்த மலைக்கும் நடுவே, நான் அதை இழந்தேன்.

விதி தெளிவானது. விமானம் மறைந்தால் நேரம் பார்ப்பவர் பத்து விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர் கண்ணில் படாவிட்டால் கடிகாரத்தை நிறுத்தி, அந்தப் பத்தையும் கழிக்க வேண்டும்.

“காணேல்ல” என்றேன்.

“அதோய்யா! வேலிக் கம்பத்துக்கு மேல! ரெண்டு விரல் மேல!”

“எனக்குத் தெரியேல்ல.”

“கண்ண நல்லா தொறந்து பாருங்க!”

பத்து ஆனது. நிறுத்தினேன். இரண்டு விநாடி கழித்து, அவர் நீட்டிய விரலுக்கு நேரே விமானம் வெளியே வந்தது. இரண்டு நிமிடம் தாண்டிய பிறகு, எல்லோரும் பார்த்திருக்க அதன் வால் நிமிர்ந்தது. நான் அட்டையில் ஒன்று நாற்பத்தொன்று என்று எழுதினேன். போட்டியை நடத்தியவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேரம் பார்ப்பவரின் முடிவே முடிவு என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நண்பர் கையெழுத்திட்டார். பேனா அட்டையைக் கிழித்துவிடும் போலிருந்தது.

கேடயம் வேறொருவருக்குப் போயிற்று.

என் மூன்றாவது பறப்பு மிச்சமிருந்தது. அதனால் எதுவும் மாறாது. ஆனாலும் அவர் மறுக்காமல் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். என் விமானத்தின் இறக்கைகள் செம்மஞ்சள். அது மேலேறியபோது பனி தூறத் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை.

“நிப்பாட்டும்” என்றேன்.

“எதுக்கு? எனக்குத் தெரியுது.”

“ஐசே, பகிடி விடாதையும்.”

“டைம் கீப்பர் யாரு? நானா, நீங்களா?” அவர் கை ஒரே திசையில் நீண்டிருந்தது, மிக மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. “திரும்புது... இப்ப மூக்கு நம்ம பக்கம். வலது இறக்கை கொஞ்சம் தாழ்ந்திருக்கு.”

தெரியாததைத் தெரிவதாகச் சொல்லி என்னைப் பழிவாங்குகிறார் என்றே நினைத்தேன். இரண்டு மூன்று விநாடியில் தூறல் விலகியது. விமானம் அவர் கை காட்டிய இடத்தில், மூக்கு எங்கள் பக்கம், வலது இறக்கை தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம் முழுதாக எழுதிக் கொடுத்தார்.

அப்படியானால் தன் விமானத்தையும் அவர் உண்மையாகவே பார்த்திருந்தார். ஆனாலும் நான் செய்தது சரி. என் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் நான் எழுத முடியும். இன்றும் அதே அட்டையில் அதையேதான் எழுதுவேன். ஆனால் அந்தக் கண்ணைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை கண் பரிசோதனைக்குப் போனேன். அன்று மாலையே சிட்னிக்கு அழைப்பு எடுத்தேன்.

“எனக்குத் தூரப்பார்வை குறைவாம். கண்ணாடி போடச் சொல்லிப்போட்டினம்.”

மறுமுனையில் அவர் உடனே கேட்டார்:

“அப்போ ரிசல்ட்ட மாத்துவாங்களா?”

“மாத்தமாட்டினம். நான் கேக்கவும் மாட்டன்.”

“தெரியும்யா, நீங்க கேக்கமாட்டீங்க.” ஒரு பெருமூச்சு. “பவர் எவ்வளவு?”

“வலது ஒண்டேகால். இடது ஒண்டரை.”

“ஒன்றரையா!” ரிசீவரைக் கையால் மூடி மனைவியிடம் அதைச் சொல்வது கேட்டது. திரும்பி வந்தபோது அவர் குரலில் சிரிப்பு ஏறியிருந்தது. “யோவ், இந்தக் கண்ண வச்சுக்கிட்டா மெல்பேர்ன்ல இருந்து தனியா மலை மேல காரோட்டிட்டு வந்தீங்க?”

“ஓம்” என்றேன். “சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தனான்.”