பூமணியக்காவின்ரை வயித்துத் தையல்

வயித்தை வெட்டிறது பெரிய வேலையில்லை. வெட்டின வயித்தைத் தைச்சு, அந்தத் தையலை வயித்துக்குச் சொந்தக்காரரிட்டையிருந்து காப்பாத்திறதுதான் எங்கடை தொழில். என்னைப்போலை ஒப்பரேசன் தியேட்டரிலை நிண்டு நிண்டு இடுப்பும் நாரியும் விட்டுப்போன நேர்ஸ்மார் ஆராவது இதை வாசிச்சால், "ஓமோம், எங்கடை வாட்டிலையும் ஒண்டு கிடந்தது" எண்டு தலையாட்டுவியள். என்ரை பங்குக்கு வாய்ச்சவ கோப்பாய்ப் பூமணியக்கா. அடிவயித்துக்குள்ளை கர்ப்பப்பையோடை ஒட்டி வளந்த ஒரு புற்றுக்கட்டியை எங்கடை டொக்டர் முழுசா வெட்டி எடுத்துவிட்டவர். தையலும் வடிவா ஆறி, எல்லாரையும் கும்பிட்டுப்போட்டு மனுசி வீட்டை போனவ. அதோடை முடிஞ்சுதெண்டுதான் நானும் நினைச்சன்.

சிரட்டை

கொஞ்ச மாதத்தாலை கிளினிக்குக்கு வந்தா. மற்ற நேரம் வாய் மூடாத மனுசி, அண்டைக்குக் கதவடியிலை வயித்தைப் பொத்திக்கொண்டு நிண்டா. திரைக்குப் பின்னாலை கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைச்சுச் சீலையைத் தளத்தச் சொன்னன். உள்ளுக்கை ஒரு பழைய வேட்டித்துண்டு, வயித்தைச் சுத்தி இறுக்கிக் கட்டிக்கிடக்கு. அவிழ்க்கிறன், அவிழ்க்கிறன், முடியிற பாடில்லை. கடைசிச் சுத்துக்குள்ளையிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை விழுந்து நிலத்திலை உருண்டுது.

சிரட்டை இருந்த இடத்தைப் பாத்தன். பழைய தழும்புக்கு நடுவிலை, ஒரு தோடம்பழம் அளவிலை வயிறு புடைச்சு நிக்குது. இருமச் சொன்னன். உள்ளுக்கை ஏதோ களகளவெண்டு ஓடுது. அட கோதாரி, இதைச் சிரட்டையாலை மூடிக் கட்டிக்கொண்டோ இந்த மனுசி இவ்வளவு நாளும் தோட்டத்திலை குனிஞ்சு வெங்காயம் நட்டது! அவ என்ரை கையை இறுக்கிப் பிடிச்சா.

"மிஸ்ஸி, கட்டி திரும்ப முளைச்சிட்டுது, எனக்குத் தெரியும். என்ரை மனுசனுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

நேர்த்தி

டொக்டர் வந்து அமத்திப் பாத்தார். "இது கட்டியில்லை அம்மா, குடல். வெளித்தோல் ஆறியிருக்கு, உள்ளுக்கை போட்ட தையல் விட்டுட்டுது. அந்த ஓட்டையாலை குடல் எட்டிப் பாக்குது" எண்டார். பூமணியக்கா விக்கி விக்கி அழுதா. புற்று திரும்பேல்லை எண்ட சந்தோசம். எனக்கும் கண் கலங்கிப்போச்சு. டொக்டர் மட்டும் சிரிக்கேல்லை. குடல் அந்த ஓட்டைக்குள்ளை இறுகினால் கறுத்து அழுகிப்போம், ஆள் தப்பாது எண்டு நேரை சொல்லிப்போட்டார்.

பேந்து விசாரணை. கிணத்திலை தண்ணி அள்ளினியளோ? இல்லை. மூட்டை தூக்கினியளோ? இல்லை. மா இடிச்சியளோ? சத்தியமா இல்லையாம். கடைசியா மெல்ல வாய் திறந்தா. கட்டி சுகமானால் ஊர்க்கோயில் தேருக்கு அடியழிக்கிறன் எண்டு நேந்தவவாம். டொக்டர் குருநகர்க் கத்தோலிக்கர். அடியழிக்கிறது எண்டால் என்னெண்டு என்னைப் பாத்தார். நான் சொன்னன்: வெளிவீதி முழுக்க, ஒவ்வொரு அடிக்கும் நிலத்திலை நெஞ்சும் வயிறும் பட விழுந்து கும்பிட்டு, எழும்பி, ஒரு அடி வைச்சு, திரும்ப விழவேணும். தையல் போட்ட அந்த வருசமே! டொக்டர் கதிரையிலை அப்பிடியே இருந்திட்டார். பூமணியக்காவுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"உங்களுக்கு ஒரு வாழைக்குலை தந்தனான்தானே டொக்டர், கோயிலிலை இருக்கிறவருக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

நைலோன்

ஓட்டை உள்ளங்கையளவு அகலம். இரண்டு பக்கத் தசையையும் இழுத்துச் சேக்க ஏலாது. அதுக்கெண்டு இருக்கிற வலைத்துண்டு வைச்சுத் தைக்கவேணும். சண்டையாலை பாதை பூட்டி, உடுப்புத் தோய்க்கிற சவுக்காரமே கப்பலிலை வராத காலத்திலை வலைத்துண்டுக்கு எங்கை போறது? டொக்டர் யோசிச்சுப்போட்டு, "மீன்பிடிக்கிற நைலோன் நூல், புதுசாக் கிடைச்சால் போதும்" எண்டார். நான் வாயைப் பிளந்தன். மனிச வயித்துக்கோ? "ஓம். ஓட்டைக்குக் குறுக்கும் நெடுக்குமா இழைச்சுவிட்டால் அது தாங்கும்" எண்டார்.

பூமணியக்காவின்ரை மனுசன் செல்லையா அண்ணை புகையிலைத் தோட்டக்காரர், கடல் பக்கம் தலைவைச்சும் படாதவர். எண்டாலும் அண்டைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மயிலிட்டியாலை இடம்பெயந்து வந்து பள்ளிக்கூடத்திலை இருந்த மீன்பிடிகாரரைத் தேடிப்பிடிச்சு, ஒரு சுருள் நூலோடை வந்தார். வேர்த்துக் குளிச்சு நிக்கிறார், ஆனால் சுருளை என்ரை கையிலை தர மனமில்லை. மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு ஒருக்கா மணந்தார், பேந்தும் ஒருக்கா மணந்தார்.

"மிஸ்ஸி, மீன் மச்சம் பட்ட நூல் இல்லைத்தானே? அவ கந்தசட்டி விரதம் பிடிக்கிறவ."

பொம்மர்

நாள் குறிச்சு ஆறுதலாச் செய்வம் எண்டிருந்தம். குடல் பொறுக்கேல்லை. ஒரு காலமை ட்ராக்டர் பெட்டியிலை பூமணியக்காவைக் கிடத்திக்கொண்டு வந்தினம். வாயாலை ஒரே சத்தி, வயிறு கல்லு மாதிரி, முகத்திலை ரத்தமில்லை. அந்த நூலை முந்தியே அவிச்சு எடுத்து வைச்சிருந்தது எங்கடை நல்லகாலம். வயித்தைத் திறந்தால், ஒரு வளையம் குடல் நாவல்பழ நிறத்திலை கிடக்கு. டொக்டர் இறுக்கத்தை வெட்டி விட்டார். இளஞ்சூட்டுச் சேலைன் துணியாலை குடலைச் சுத்தி மூடிப்போட்டு, நிறம் திரும்புமோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம். திரும்பாட்டில் வெட்டி எறியவேணும், அந்தப் பலவீனத்திலை அவ தாங்கமாட்டா.

அந்த நேரம் பாத்துத்தான் மேலை குண்டு போடுற பொம்மர் இரையத் துவங்கினது. வெளியிலை எல்லாரும் பங்கர்க் குழிக்கு ஓடுற சத்தம். மேசையிலை திறந்த வயித்தோடை ஒரு மனுசி கிடக்க நாங்கள் எங்கை ஓடுறது? சத்தியமாச் சொல்லுறன், ஓடத்தான் நினைச்சன். டொக்டர் தலை நிமித்தவேயில்லை.

"உவன் சுத்திப்போட்டுப் போகட்டும், நீர் துணியை எடும், சிவக்குதோ எண்டு பாப்பம்."

துண்டு வெட்டிற நாள்

சிவந்துது! முதல் ஓரத்திலை, பேந்து நடுவிலை. பொம்மர் எப்ப போனதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு முகமூடிக்குள்ளை மூக்கெல்லாம் ஓடுது. மயிலிட்டி நூலாலை டொக்டர் இழைச்ச இழையைப் பாத்தால் கதிரைப் பின்னல்காரன் தோத்துப்போவான்.

துண்டு வெட்டி வீட்டை விடுற நாள் நான் கட்டிலடியிலை நிண்டு ஒண்டொண்டாச் சொன்னன். பாரம் தூக்கக்கூடாது. குந்தியிருந்து அடுப்பூதக்கூடாது. பொம்மர் வந்தால் பங்கருக்குள்ளை குதியாதேங்கோ, விளிம்பிலை இருந்து மெல்ல இறங்குங்கோ. "முக்கியமா, அடியழிக்கிற கதையே வேண்டாம் அக்கா. இனிக் கிழிஞ்சால் தைக்க உள்ளுக்கைத் தசையில்லை. செத்துப்போவீங்கள்" எண்டன். எல்லாத்துக்கும் ஓம் ஓமெண்டு தலையாட்டினா. பூமணியக்கா மறுத்துக் கதைக்காமல் இருக்கிறதோ? எனக்குச் சந்தேகம் வந்திட்டுது. "உண்மையைச் சொல்லுங்கோ, மயக்கமருந்து குடுக்க முந்தி என்ன நேந்தனீங்கள்?" எண்டு பிடிச்சன். மனுசி என்னை மேலையும் கீழையும் பாத்தா, என்ரை வயித்திலை வந்து பார்வை நிண்டுது.

"நான் அடியழிக்கேலாதெண்டு தெரியும்தானே, அதுதான் நான் தப்பினால் மிஸ்ஸி அடியழிப்பா எண்டு நேந்திட்டன். உங்களுக்கு வயித்திலை வெட்டொண்டும் இல்லையே?"

பிறகென்ன, அடுத்த வருசத் தேருக்கு முழங்கால் உரிஞ்சது எனக்கு, குடல் உள்ளுக்கை நிண்டது அவவுக்கு, புண்ணியம் ஆருக்கெண்டதை மட்டும் இண்டைவரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.